உஷார்! வீடு நகரவில்லை, தொகுதி நகர்ந்துவிட்டது

வட கரோலினாவில் ஓட்டு வைத்திருப்பவர்களே, ஒரு நிமிஷம் நில்லுங்கள். சார்லட்டில் வங்கி வேலை, கேரியில் மென்பொருள் வேலை என்று போய்ச் சேர்ந்து, கிரீன் கார்டுக்கு வருஷக்கணக்கில் காத்திருந்து, குடியுரிமை வாங்கி, முதல் ஓட்டைப் போட்ட கையோடு சட்டையில் ஒட்டிய ஸ்டிக்கரைப் படம் பிடித்து ஊருக்கு அனுப்பியவர்கள் உங்களில் பலர். உங்கள் தொகுதி எண் என்ன, உறுப்பினர் யார் என்று கேட்டால் அன்று ஓட்டுச்சீட்டில் பார்த்ததைத்தான் சொல்வீர்கள். அந்த ஞாபகத்தை நம்பி அடுத்த தேர்தலுக்குப் போய்விடாதீர்கள். வீடு மாறவில்லை, தெரு மாறவில்லை, வாசலில் இருக்கும் தபால் பெட்டிகூட மாறவில்லை என்றாலும் தொகுதி மாறியிருக்கலாம்.

பத்தாண்டுக்கு ஒருமுறை மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, அதை வைத்துத் தொகுதிக் கோடுகளில் திருத்தம் என்பதுதான் அமெரிக்காவில் பொதுவான நடைமுறை. வட கரோலினாவிலோ 2016 தேர்தலுக்கும் 2026 தேர்தலுக்கும் இடையே ஐந்து வரைபடங்கள் வந்துவிட்டன. கடைசி வரைபடம் 2025 அக்டோபரில் வந்தது. புதுக் கணக்கெடுப்பு எதுவும் நடக்கவில்லை. மாற்று என்று எந்த நீதிமன்றமும் சொல்லவில்லை. கிழக்கே 1-ஆம் தொகுதியில் ஜனநாயகக் கட்சியின் டான் டேவிஸ் 2024இல் குறுகிய வித்தியாசத்தில் தப்பிப் பிழைத்திருந்தார். அவர் தொகுதிக்கும் பக்கத்து 3-ஆம் தொகுதிக்கும் இடையே சில கவுண்டிகளை (நம் மாவட்டம் மாதிரி) இடம் மாற்றி, மறுபடி அவர் ஜெயிப்பது கஷ்டம் என்கிற நிலைக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். குடியரசுக் கட்சிக்கு இன்னொரு இடம் வேண்டும் என்பதை மறைக்கவும் இல்லை. அதே ஆண்டு டெக்சஸ் தன் கோடுகளைக் குடியரசுக் கட்சிக்குச் சாதகமாக மாற்றியது. கலிபோர்னியா பதிலுக்கு ஜனநாயகக் கட்சிக்குச் சாதகமாக மாற்றியது. ஆக, இது ஒரு கட்சியின் நோய் என்று நினைத்துக்கொண்டு நிம்மதியாக இருக்க வேண்டாம்.

யார் வரைகிறார்கள் என்பதில்தான் ஆபத்தே இருக்கிறது. இந்தியாவில் இந்த வேலைக்கென்று மறுவரையறை ஆணையம் அமைப்பார்கள். வட கரோலினாவில் மாநிலச் சட்டமன்றமே பேனாவை எடுத்துக்கொள்கிறது. அங்கே ஆளுநர் மக்கள் ஓட்டில் வருகிறவர், கிட்டத்தட்ட நம் முதலமைச்சர் மாதிரி. சாதாரண மசோதாக்களை அவர் வீட்டோ செய்யலாம். தொகுதி வரைபடத்தில் மட்டும் கை வைக்க முடியாது, மாநில அரசமைப்பே அப்படித்தான் எழுதப்பட்டிருக்கிறது. 2024இல் ஜனநாயகக் கட்சியின் ஜோஷ் ஸ்டைன் பெரிய வித்தியாசத்தில் ஆளுநர் ஆனார். 2025 வரைபடத்தை அவரால் பார்த்துக்கொண்டிருக்கத்தான் முடிந்தது.

இந்த இடத்துக்கு எப்படி வந்து சேர்ந்தார்கள் என்று தெரிந்தால்தான் பயப்பட வேண்டிய விஷயத்துக்குப் பயப்பட முடியும். அதற்கு 12-ஆம் தொகுதியின் கதை ஒன்று போதும்.  

முதலில் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். தொகுதி எண்ணுக்கும் மண்ணுக்கும் நிரந்தரச் சம்பந்தம் கிடையாது. 1820களில் 12-ஆம் தொகுதி என்றால் மேற்கே ஆஷ்வில் பக்கத்து மலைநாடு. அங்கே 1823 முதல் 1825 வரை ராபர்ட் வான்ஸ் உறுப்பினராக இருந்தார். அடுத்த தேர்தலில் சாமுவேல் கார்சன் அவரைத் தோற்கடித்தார். 1827இல் வான்ஸ் மறுபடி நின்றார், கார்சனின் அப்பாவை அவமானப்படுத்திப் பேசினார், தோற்றார். விஷயம் அதோடு நிற்கவில்லை. அந்த நவம்பரில் இருவரும் தென் கரோலினா எல்லையில் சலூடா கணவாய்க்குப் போய்த் துப்பாக்கியால் சுட்டுக்கொண்டார்கள். முன்னாள் உறுப்பினர் செத்தார், இந்நாள் உறுப்பினர் வாஷிங்டன் திரும்பிப் பதவியைத் தொடர்ந்தார். பின்னாளில் டெக்சஸ் தனிக் குடியரசாக இருந்தபோது அதன் முதல் வெளியுறவு அமைச்சரானதும் இதே கார்சன்தான். அவருக்குப் பின் வந்த ஜேம்ஸ் கிரகாமின் வெற்றியை எதிர்த்து ஆட்சேபம் கிளம்பியது. 1836 மார்ச்சில் அந்த இடம் காலி என்று சபை அறிவித்தது. டிசம்பரில்தான் கிரகாமே மறுபடி ஜெயித்து வந்தார். இடைப்பட்ட மாதங்களில் மலைநாட்டுக்காரர்களுக்கு வாஷிங்டனில் குரல் இல்லை. இந்தக் காலி நாற்காலியை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

மாநிலத்தின் இடங்கள் குறைந்ததும் 1843இல் 12 என்ற எண் மறைந்தது. நூறு வருஷம் கழித்து 1943இல் அதே மலைப்பக்கம் திரும்பி வந்தது. 1963இல் மறுபடி போயிற்று. 1990 கணக்கெடுப்பில் ஓர் இடம் கூடியதும் மூன்றாம் முறையாக வந்தது. இந்த முறை மலையில் அல்ல, நெடுஞ்சாலையில்.

அந்த நெடுஞ்சாலைக் கதைக்குள் போகுமுன் 1901ஐத் தொட்டாக வேண்டும். உள்நாட்டுப் போருக்குப் பிறகு வட கரோலினாவின் கறுப்பின மக்கள் ஓட்டுப் போட்டார்கள், நாடாளுமன்றத்துக்கு ஆள் அனுப்பினார்கள். 1898இல் வில்மிங்டனில் வெள்ளையர் கும்பல் ஆயுதத்தோடு இறங்கி, தேர்ந்தெடுக்கப்பட்ட நகராட்சியைக் கவிழ்த்தது. 1900இல் எழுத்தறிவுச் சோதனையும் தேர்தல் வரியும் சட்டமாயின. கிழக்கே 2-ஆம் தொகுதியின் ஜார்ஜ் ஹென்றி வைட் 1901இல் பதவிக்காலம் முடிந்து கிளம்பினார். அவர்தான் அந்தத் தலைமுறையின் கடைசிக் கறுப்பின உறுப்பினர். நாங்கள் திரும்பி வருவோம் என்று சபையில் சொல்லிவிட்டுத்தான் போனார். வட கரோலினாவிலிருந்து அடுத்த கறுப்பின உறுப்பினர் தேர்ந்தெடுக்கப்பட்டது 1992இல்.

அந்த ஆண்டுதான் பாம்பு போல நெளியும் புது 12-ஆம் தொகுதி பிறந்தது. சட்டமன்றம் அப்போது ஜனநாயகக் கட்சியின் கையில் இருந்தது. கறுப்பின மக்கள் பெரும்பான்மையாக இருக்கும்படி ஒரே ஒரு தொகுதியை வரைந்து டெல்லிக்கு, மன்னிக்கவும், வாஷிங்டனுக்கு அனுப்பினார்கள். வாக்குரிமைச் சட்டப்படி, பழைய பாவம் உள்ள இடங்கள் கோடு மாற்றினால் 2013 வரை மத்திய அரசின் ஒப்புதல் வேண்டியிருந்தது. வட கரோலினாவின் 100 கவுண்டிகளில் 40 அந்தக் கணக்கில் வந்தன. இன்னொரு தொகுதிக்கும் இடம் இருக்கிறதே என்று நீதித்துறை அமைச்சகம் திருப்பி அனுப்பியது. அமைச்சகம் மனதில் வைத்திருந்தது தென்கிழக்குப் பக்கம். அங்கே வரைந்தால் சொந்தக் கட்சிக்காரர்களின் நாற்காலி ஆடும். எனவே ஐ-85 நெடுஞ்சாலையைப் பிடித்தார்கள். மேற்கே கேஸ்டோனியாவில் ஆரம்பித்து, சார்லட், வின்ஸ்டன்-சேலம், கிரீன்ஸ்பரோ என்று கறுப்பினக் குடியிருப்புகளைத் தொட்டுத் தொட்டுக் கிழக்கே டர்ஹம் வரை சுமார் 160 மைல் நீளத்துக்கு ஒரு தொகுதி. பல இடங்களில் அதன் அகலம் நெடுஞ்சாலையின் அகலம்தான். கார்க் கதவுகள் இரண்டையும் திறந்து வைத்துக்கொண்டு ஓட்டினால் தொகுதியில் பெரும்பாலானோர் அடிபட்டுச் சாவார்கள் என்று மாநில உறுப்பினர் ஒருவர் அடித்த கிண்டல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பிலேயே இடம்பெற்றது. ஒரே சாலையில் வடக்கே போகிறவர் ஒரு தொகுதி, தெற்கே போகிறவர் வேறொரு தொகுதி. அடுத்த கவுண்டிக்குள் நுழைந்ததும் அது தலைகீழ். தொகுதி கடந்துபோன 10 கவுண்டிகளில் ஐந்து, மூன்று மூன்று துண்டாகக் கிடந்தன.

அந்தப் பாம்பு வாஷிங்டனுக்கு அனுப்பிய ஆள் மெல் வாட். சார்லட் வழக்கறிஞர், யேல் சட்டப் படிப்பு. சார்லட்டின் முதல் கறுப்பின மேயர் ஹார்வி கான்ட் 1990இல் செனட்டுக்கு நின்றபோது பிரசாரத்தை நடத்தியவர். 1-ஆம் தொகுதியில் ஈவா கிளேட்டன், 12இல் மெல் வாட் என்று 1992இல் இரண்டு கறுப்பின உறுப்பினர்கள் ஒன்றாகப் போனார்கள். வைட் சொன்னது நடந்தது. நடந்த விதம் கோணலாக இருந்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். இந்தப் பாம்பைத் திட்டுகிறவர்களில் பலர் அதற்கு முந்தைய 91 வருஷ வெறுமையைப் பற்றி மூச்சு விடுவதில்லை என்பது என் வருத்தம்.

வழக்கு உடனே வந்தது. டியூக் பல்கலைக்கழகச் சட்டப் பேராசிரியர் ராபின்சன் எவரெட் முன்னின்று வாதாட, டர்ஹம்வாசிகள் ஐந்து பேர் தொடுத்த வழக்கு அது. 1993 ஜூன் 28 அன்று ஐந்துக்கு நான்கு என்று உச்ச நீதிமன்றம் அவர்கள் பக்கம் சாய்ந்தது. இனத்தை மட்டுமே வைத்துப் பிரித்தது போல் தெரியும் தொகுதி, இனப் பாகுபாட்டின் சாயலைத் தருகிறது என்று நீதிபதி சாண்ட்ரா டே ஓ'கானர் எழுதினார். 1996இல் மறுபடி 5-4, தொகுதி செல்லாது. 1997இல் சட்டமன்றம் புதிதாக வரைந்தது. 1998இல் கீழ் நீதிமன்றம் அதையும் நிறுத்த, அந்த ஆண்டுத் தேர்தல் தற்காலிகக் கோட்டில் நடந்தது. கறுப்பின மக்கள் மூன்றில் ஒரு பங்கு அளவே இருந்த அந்தத் தொகுதியிலும் வாட் ஜெயித்தார். வழக்கு 1999இல் ஒருமுறை உச்ச நீதிமன்றம் ஏறி இறங்கியது. 2001இல் கடைசி அடி. இந்தத் தீர்ப்பைத்தான் சிவப்பு மையால் வட்டமிட வேண்டும். மறுபடியும் 5-4. சட்டமன்றம் பார்த்தது இனத்தை அல்ல, கட்சியை என்று நீதிமன்றம் சொன்னது. அந்த ஊரில் கறுப்பினத்தவர் பெரும்பாலும் ஜனநாயகக் கட்சிக்குத்தான் போடுகிறார்கள், எனவே இரண்டும் ஒரே கோட்டில் விழுகின்றன, கட்சி நோக்கம் இருந்தால் குற்றமில்லை என்பது முடிவு.

ஜனநாயகக் கட்சிக்காரர்கள் கை தட்டினார்கள். தட்டியிருக்கக் கூடாது. இனம் பார்த்து வெட்டினால் தப்பு, கட்சி பார்த்து வெட்டினால் தப்பில்லை என்ற பாதை அன்று திறந்தது. அதில் நடக்க அடுத்த ஆள் வந்துகொண்டிருந்தார்.

2010இல் மாநிலச் சட்டமன்றம் குடியரசுக் கட்சி கைக்குப் போனது. 2011 வரைபடத்தை வரைந்தவர் தாமஸ் ஹோஃபெல்லர், நாடு முழுக்க இதே வேலையைச் செய்து பேர் வாங்கியவர். 12-ஆம் தொகுதியில் வாக்களிக்கும் வயதுள்ள கறுப்பினத்தவர் 43.8 சதவீதமாக இருந்தார்கள். அதை 50.7 ஆக்கினார். வாட் ஏற்கெனவே சுலபமாக ஜெயித்துக்கொண்டிருந்த இடம் அது. எதற்கு இன்னும் ஆட்களைக் கொண்டுவந்து அடைக்க வேண்டும்? பந்தியில் வடை அத்தனையையும் ஒரே இலையில் குவித்துவிட்டால் மற்ற இலைகளுக்கு மிஞ்சாது, அவ்வளவுதான் கணக்கு. 2012இல் வாட் சுமார் 80 சதவீத ஓட்டு வாங்கினார். மாநிலம் முழுக்கக் கூட்டிப் பார்த்தால் நாடாளுமன்றத் தேர்தலில் ஜனநாயகக் கட்சிக்குத்தான் அதிக ஓட்டு. 13 இடங்களில் அதற்குக் கிடைத்தது நான்கு.

உங்கள் ஆள் 80 சதவீதத்தில் ஜெயிக்கிறாரா? அதுவே முதல் அபாய மணி. வெற்றி விழாவில் யாருக்கும் இது காதில் விழுவதில்லை.

2014 ஜனவரி 6ஆம் தேதி வாட் வேறொரு மத்திய அரசுப் பதவிக்காக விலகினார். வீட்டுக்கடன் நிறுவனங்களைக் கண்காணிக்கும் அமைப்பின் தலைமை அது. இடைத்தேர்தல் தேதி குறிப்பது ஆளுநர் வேலை. அப்போதைய ஆளுநர் பாட் மெக்ரோரி, செலவு, குழப்பம் என்று காரணங்கள் சொல்லி, நவம்பர் பொதுத்தேர்தலோடு சேர்த்தே வைத்துக்கொள்ளலாம் என்றார். ஏழு லட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் பத்து மாதம் வாஷிங்டனில் ஓட்டுப் போட ஆள் இல்லாமல் இருந்தார்கள். 1836இல் எட்டு மாதம், குதிரை வண்டிக் காலம். 2014இல் பத்து மாதம். நவம்பர் 12 அன்று பதவியேற்ற ஆல்மா ஆடம்ஸ், அந்த நாடாளுமன்றத்தின் 100ஆவது பெண் உறுப்பினர் என்று கொண்டாடப்பட்டார். கிரீன்ஸ்பரோவில் பெண்களுக்கான பென்னட் கல்லூரியில் நாற்பது வருஷம் ஓவியம் சொல்லிக்கொடுத்த ஆசிரியை. விதவிதமான தொப்பிகளுக்கும் பேர் போனவர்.

ஆடம்ஸ் ஆசனத்தில் உட்கார்ந்து சூடு ஏறுவதற்குள் அடுத்த அடி. 2016 பிப்ரவரியில் 1, 12 இரண்டு தொகுதிகளும் இனம் பார்த்து வெட்டப்பட்டவை என்று மத்திய நீதிமன்றம் ரத்து செய்தது. 2017இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. தீர்ப்பை எழுதிய எலினா கேகன், 12-ஆம் தொகுதி இங்கே வருவது இது ஐந்தாவது முறை என்று குறிப்பிட்டார். பழமைவாத அணியின் கிளாரன்ஸ் தாமஸ் இந்த முறை அவரோடு சேர்ந்ததால்தான் 5-3 என்று தேறியது. ஒரு தொகுதி ஐந்து தடவை உச்ச நீதிமன்றப் படியேறுவது சாதாரண விஷயமா?

பாம்பு செத்தது என்று எல்லோரும் நிம்மதியானார்கள். உண்மையான ஆபத்து அங்கேதான் ஆரம்பிக்கிறது.

2016 வரைபடத்தைப் பார்த்தால் கண்ணுக்குக் குளிர்ச்சி. 12-ஆம் தொகுதி முழுவதும் சார்லட் நகரம் இருக்கும் மெக்லன்பர்க் கவுண்டிக்குள் அடக்கம். வால் இல்லை, நெளிவு இல்லை. வரைவுக்குழுவை நடத்திய மாநில உறுப்பினர் டேவிட் லூயிஸ், குடியரசுக் கட்சிக்கு 10, ஜனநாயகக் கட்சிக்கு 3 என்று வருமாறு வரைய வேண்டும் என்றார். 11-2 என்று வரைய முடியும் எனத் தோன்றவில்லை, அதனால்தான் 10-3 என்றும் சொன்னார். ரகசியக் கூட்டத்தில் அல்ல, பதிவாகும் கூட்டத்தில். இனப் புள்ளிவிவரத்தைத் தொடவே இல்லை, கட்சி விவரம் மட்டுமே பார்த்தோம் என்பது அவர்கள் கேடயம். 2001 தீர்ப்பு கொடுத்த கேடயம் அது. சொன்னபடியே 2016இல் 10-3 வந்தது.

அழகான கோடு என்ன செய்தது என்று கிரீன்ஸ்பரோவில் போய்ப் பார்த்திருக்க வேண்டும். ஆடம்ஸின் சொந்த ஊர் அவர் தொகுதியிலிருந்து போய்விட்டது. பதவியைக் காப்பாற்ற அவர் 90 மைல் தள்ளி சார்லட்டுக்குக் குடிபெயர்ந்தார். அவருக்காவது வண்டி ஏற முடிந்தது. கிரீன்ஸ்பரோவில் நார்த் கரோலினா ஏ அண்ட் டி என்ற பல்கலைக்கழகம் இருக்கிறது. கறுப்பின மாணவர்களுக்கென்று எழுந்த பல்கலைக்கழகங்களில் நாட்டிலேயே பெரியது. 1960இல் உல்வொர்த் கடையில் வெள்ளையருக்கு மட்டும் என்றிருந்த சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து எழுந்திருக்க மறுத்த நான்கு மாணவர்கள் அங்கே படித்தவர்கள்தான். அந்த வளாகத்தின் நடுவே ஓடும் லாரல் தெருவை 6, 13 தொகுதிகளுக்கு எல்லையாக்கினார்கள். ஒரு பக்க விடுதி ஒரு தொகுதி, எதிர்ப்பக்க விடுதி வேறு தொகுதி. சேர்ந்திருந்தால் கனம், பிரிந்தால் பொடி. வகுப்பு மாறும்போது தொகுதியும் மாறிய அந்த மாணவர்கள் எத்தனை பேருக்குத் தங்கள் உறுப்பினர் யார் என்று தெரிந்திருக்கும்?

2018இல் பக்கத்து 9-ஆம் தொகுதியில் நடந்தது இன்னொரு ரகம். குடியரசுக் கட்சியின் மார்க் ஹாரிஸ் 905 ஓட்டில் முன்னிலை. பிளேடன் கவுண்டியில் அவருக்காக வேலை செய்த ஒரு தரகரின் ஆட்கள் வீடு வீடாகப் போய், கொடுங்கள் நாங்களே சேர்த்துவிடுகிறோம் என்று தபால் ஓட்டுகளை வாங்கிக்கொண்டு வந்தது வெளிப்பட்டது. மாநிலத் தேர்தல் வாரியம் முடிவை ஏற்க மறுத்து, 2019 பிப்ரவரியில் மறுதேர்தலுக்கு உத்தரவிட்டது. செப்டம்பர் வரை அந்த நாற்காலியும் காலி. வேறு யாரிடமும், எவ்வளவு சிரித்த முகமாக வந்தாலும், தபால் ஓட்டுக் கவரைக் கொடுக்காதீர்கள். வட கரோலினாச் சட்டப்படி உங்களைத் தவிர நெருங்கிய உறவினரோ சட்டப்படியான காப்பாளரோதான் அதைக் கொண்டுபோய்ச் சேர்க்கலாம். பக்கத்து வீட்டு அண்ணா, சங்கத்துப் பொருளாளர் எல்லாம் உறவில் சேர மாட்டார்கள். இரண்டு சாட்சிக் கையெழுத்தோ ஒரு நோட்டரி கையெழுத்தோ வேண்டும். தேர்தலுக்குப் பிறகு மூன்று நாள் வரை வந்து சேரலாம் என்ற பழைய சலுகை 2023இல் போய்விட்டது. தேர்தல் நாள் மாலை 7.30க்குள் கவர் அலுவலகத்தில் இருக்க வேண்டும்.

நீதிமன்றம் காப்பாற்றும் என்ற நம்பிக்கைக்கு 2019 ஜூனில் முற்றுப்புள்ளி வைத்தார்கள். கட்சிக்காக வளைப்பது அநியாயம்தான், ஆனால் அதைச் சரிசெய்வது மத்திய நீதிமன்றங்களின் வேலை இல்லை என்று தலைமை நீதிபதி ஜான் ராபர்ட்ஸ் எழுதினார். வட கரோலினாவின் இதே 10-3 வரைபடம்தான் அந்த வழக்கின் பொருள். மாநில நீதிமன்றங்கள் மட்டும் மிச்சம். ஹோஃபெல்லர் இறந்த பிறகு அவர் வைத்திருந்த கணினிக் கோப்புகள் மகள் மூலம் வெளியே வந்து, மாநில நீதிமன்றத்தில் சாட்சியாகவே நின்றன. 2020க்கு வரைபடம் மாறி 8-5. 2022 பிப்ரவரியில் மாநில உச்ச நீதிமன்றம், கட்சிக்காக வளைப்பது மாநில அரசமைப்புக்கு விரோதம் என்றது. அந்த ஆண்டு 14 இடங்களில் 7-7. ஏறக்குறைய பாதிக்குப் பாதியாக ஓட்டுப் போடும் மாநிலத்துக்கு அதுதான் பொருத்தம்.

அதே நவம்பரில் அந்த நீதிமன்றத்துக்கும் தேர்தல். இரண்டு இடங்கள் கைமாறின, 4-3 ஜனநாயகக் கட்சிப் பெரும்பான்மை 5-2 குடியரசுக் கட்சிப் பெரும்பான்மை ஆனது. 2023 ஏப்ரலில் அதே நீதிமன்றம் அதே வழக்கை மறுபடி கேட்டு, முன் தீர்ப்பைத் தூக்கிப் போட்டது. அரசமைப்பில் ஒரு எழுத்தும் மாறவில்லை.

பிறகென்ன, 2023இல் புது வரைபடம். 7-7 என்பது 2024இல் 10-4 ஆனது. கேத்தி மேனிங், வைலி நிக்கல், ஜெஃப் ஜாக்சன் என்று மூன்று ஜனநாயகக் கட்சி உறுப்பினர்கள் புதுக் கோட்டைப் பார்த்துவிட்டுப் போட்டியிடவே இல்லை. அவர்களை வீட்டுக்கு அனுப்பியது வாக்காளர் அல்ல. மெக்லன்பர்க் கவுண்டி 8, 12, 14 என்று மூன்றாகப் பங்கு போனது. ஜாக்சன் உட்கார்ந்திருந்த 14-ஆம் தொகுதியின் புது உறுப்பினர் யார் தெரியுமா? டிம் மூர். 2023 வரைபடம் நிறைவேறியபோது மாநிலக் கீழவையின் சபாநாயகர் அவர்தான்! மேனிங்கும் நிக்கலும் நாடாளுமன்றத்தை விட்டு இறங்கினார்கள். ஜாக்சன் மட்டும் மாநில அட்டர்னி ஜெனரல் பதவிக்கு நின்று ஜெயித்துவிட்டார்.

12-ஆம் தொகுதியில் இன்றும் ஆல்மா ஆடம்ஸ்தான். சார்லட்டுக்குள் ஒழுங்காக, கட்டுக்கோப்பாக இருக்கிற தொகுதி. யாரும் அதைப் படம் போட்டுக் கேலி செய்வதில்லை. பாம்பாக இருந்த காலத்திலாவது பார்த்தவுடன் சந்தேகம் வந்தது. இப்போது ஜனநாயகக் கட்சி ஓட்டுகளை நகரத்துக்குள் குவித்து, சுற்றியுள்ள 8ஐயும் 14ஐயும் எதிர்த்தரப்புக்குப் பத்திரப்படுத்தும் வேலையை அது சத்தமில்லாமல் செய்கிறது. சார்லட்டின் புறநகர்களில் வீடு வாங்கியிருக்கும் நம்மவர்களே, உங்கள் தெரு இந்த மூன்றில் எதில் விழுகிறது என்று தெரியுமா? மாநிலத் தேர்தல் வாரியத்தின் இணையதளத்தில் வாக்காளர் தேடல் பக்கம் இருக்கிறது. பெயரும் கவுண்டியும் கொடுத்தால் உங்கள் தொகுதிகளோடு மாதிரி ஓட்டுச்சீட்டும் வரும். நவம்பருக்கு மட்டும் பார்த்தால் போதாது. கட்சி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் மார்ச் மாத பிரைமரிக்கு முன்னால் பாருங்கள். பத்திரமாக வெட்டிய தொகுதியில் நிஜப் போட்டி அங்கேதான், நவம்பரில் வெறும் சடங்கு.

அப்படியே உங்கள் பதிவையும் பாருங்கள், இது தலைபோகிற விஷயம். 2024இல் மாநில உச்ச நீதிமன்ற நீதிபதி அலிசன் ரிக்ஸ் 734 ஓட்டில் ஜெயித்தார். தோற்ற ஜெஃபர்சன் கிரிஃபின், 65,000க்கும் மேற்பட்ட ஓட்டுகளைத் தள்ளுபடி செய்யக் கேட்டு ஆறு மாதம் இழுத்தடித்தார். அதில் பெரும்பகுதி, பதிவேட்டில் ஓட்டுநர் உரிம எண்ணோ சமூகப் பாதுகாப்பு எண்ணின் கடைசி நான்கு இலக்கமோ இல்லை என்ற காரணத்துக்காக. ரிக்ஸின் பெற்றோரே அந்தப் பட்டியலில் இருந்தார்கள். 2025 மே மாதம் மத்திய நீதிபதி ஒருவர் தடுத்த பிறகுதான் கிரிஃபின் விட்டுக்கொடுத்தார். அதன்பின் தேர்தல் வாரியமே ஒரு லட்சத்தையொட்டிய வாக்காளர்களின் பதிவில் இந்த ஓட்டைகளை அடைக்கும் வேலையில் இறங்கியது. எண் கொடுத்தும் பதிவேட்டில் ஏறாமல் போனவர்களும் உண்டு. ஓர் ஆவணத்தில் ஒரு பெயர், இன்னொன்றில் வேறு பெயர் என்றால் கணினி பொருத்தாது. இனிஷியலைப் பின்னால் தள்ளி, அப்பா பெயரைக் குடும்பப் பெயராக்கி, கல்யாணத்துக்குப் பின் கணவர் பெயரைச் சேர்த்து, பாஸ்போர்ட்டில் ஒன்று, உரிமத்தில் ஒன்று, குடியுரிமைச் சான்றிதழில் இன்னொன்று என்று வைத்திருக்கும் நம்மைவிட இதில் மாட்டிக்கொள்ளத் தோதானவர்கள் யார்?

கிரீன் கார்டு மட்டும் வைத்திருப்பவர்களுக்கு இதற்கு நேரெதிரான எச்சரிக்கை. உரிமம் புதுப்பிக்கும் இடத்தில் வாக்காளராகப் பதிய வேண்டுமா என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள், படிவத்தில் கையெழுத்துப் போடுமுன் இரண்டு முறை படியுங்கள். 2016 தேர்தலில் ஓட்டுப் போட்டதற்காக 2018இல் அந்த மாநிலத்தின் கிழக்குப் பகுதியில் 19 வெளிநாட்டவர் மீது மத்திய அரசு வழக்குத் தொடுத்தது. தெரியாமல் செய்தேன் என்று சொல்லி முடிக்க நினைத்தாலும் குடியுரிமை விண்ணப்பம் அந்தரத்தில் தொங்கும், நாடுகடத்தல் வரைகூடப் போகும்.

கடைசியாக, ஓட்டுச்சீட்டின் கீழ்ப்பாதி. மேலே அதிபர், செனட், நாடாளுமன்றம் என்று நிரப்பிவிட்டுப் பலர் எழுந்து போய்விடுகிறார்கள். கோடு போடுகிற மாநிலச் சட்டமன்றக்காரர்களும், அந்தக் கோடு செல்லுமா என்று சொல்கிற மாநில நீதிபதிகளும் கீழேதான் இருக்கிறார்கள். 2026இல் மாநில உச்ச நீதிமன்றத்தில் ஓர் இடத்துக்குத் தேர்தல். ஜனநாயகக் கட்சியின் அனிட்டா எர்ல்ஸ் அந்த இடத்தில் இருக்கிறார், வாக்குரிமை வழக்குகளில் வாதாடிப் பழகியவர். எதிரே குடியரசுக் கட்சியின் சாரா ஸ்டீவன்ஸ், மாநிலச் சட்டமன்ற உறுப்பினர். 2028இல் இன்னும் மூன்று இடங்கள். நீதிபதிகளின் பதவிக்காலம் எட்டு வருஷம். 2030 கணக்கெடுப்புக்குப் பிறகு வரையப்போகும் வரைபடம் இவர்கள் முன்னால்தான் போய் நிற்கும்.